ரத்தத்தில் உலவும் புற்று செல்கள்: அம்மாவுக்கு டெஸ்ட் எடுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. சினைப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து ஒரு மாதமாகிறது. ஸ்கேனும் சி.ஏ.125 என்ற ரத்த டெஸ்டும் நார்மல். ‘ரத்தத்தில் சுற்றும் புற்று செல்களைக் கண்டுபிடித்துத் தருகிறோம்’ என்று ஒரு லேப் விளம்பரம் பார்த்தோம். எடுக்கலாமா டாக்டர்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம் என்பேன். இந்த விளம்பரத்தைப் போனில் நீட்டாத குடும்பம் என் ஓ.பி.யில் குறைவு!

விளம்பரம் சொல்வது கட்டுக்கதை இல்லை. கட்டியிலிருந்து செல்கள் கழன்று ரத்தத்தில் கலப்பது உண்மை. 1869-லேயே ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஷ்வொர்த் என்ற மருத்துவர் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஆனால் அவை மிக அபூர்வம். ஒரு மில்லி ரத்தத்தில் சிவப்பணுக்களே 400 கோடிக்கு மேல். அதற்குள் புற்று செல் ஒன்றோ இரண்டோ இருந்தால் உண்டு.

அமெரிக்காவில் 2004-ல் அனுமதி பெற்ற செல்சர்ச் கருவி 7.5 மில்லி ரத்தத்தில் தேடுகிறது. எப்கேம் என்ற புரதம் உள்ள செல்களில் காந்தத் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். காந்தத்தால் அவற்றை இழுத்து, சாயமேற்றி எண்ணுவார்கள். அந்த அனுமதியும் அடுத்து வந்தவையும், பரவிவிட்ட மார்பக, பெருங்குடல், புராஸ்டேட் புற்றுநோய்களுக்குத்தான். சினைப்பைப் புற்று ரத்தத்தில் ஏறிப் போவதைவிட, வயிற்றுக்குள்ளேயே உதிர்ந்து குடல்மேலும் கொழுப்புத் திரைமேலும் ஒட்டி வளர்வதுதான் அதிகம். போதாததற்கு, பரவக் கிளம்பும் செல்கள் சில எப்கேமை உதறிவிடும், காந்தத்தில் சிக்காது. ஆகவே ரிப்போர்ட்டில் பூஜ்யம் என்று வந்தாலும் நிம்மதி கிடையாது.

சரி, ‘இரண்டு’ என்று வந்தால்? ஸ்கேன் சுத்தமாக இருக்கையில் அந்த எண்ணுக்காக யாரும் கீமோ ஆரம்பிக்கமாட்டோம். சி.ஏ.125 விஷயத்தில் இதைப் பார்த்தாகிவிட்டது. 2010-ல் வெளியான பெரிய ஆய்வில், அளவு ஏறியதுமே கீமோ வாங்கியவர்களும், தொந்தரவு வரும்வரை பொறுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே காலம்தான் வாழ்ந்தார்கள். அவசரப்பட்டவர்களுக்கு மிஞ்சியது கூடுதல் கீமோவின் அவஸ்தை.

டாக்டர் சொன்ன தேதியில் செக்-அப் போங்கள். வயிறு உப்பிக்கொண்டே இருந்தாலோ, நாலு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிட்டாலோ தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

பணம் செலவழிக்கத் தயார் என்றால், பி.ஆர்.சி.ஏ. மரபணு டெஸ்ட் எடுத்தாயிற்றா என்று இந்த வாரமே கேளுங்கள். சினைப்பைப் புற்று வந்தவர்களில் 100-க்குச் சுமார் 15 பேருக்கு அதில் பழுது இருக்கும். இருந்தால், நோய் திரும்புவதைத் தள்ளிப்போடும் மாத்திரை அம்மாவுக்குக் கிடைக்கலாம். கீமோ முடிந்த சில வாரங்களுக்குள் அதைத் தொடங்குவதுதான் வழக்கம். அப்புறம், பழுது இருப்பதாக வந்தால் நீங்களும் டெஸ்ட் எடுக்க வேண்டும். சித்தி, பெரியம்மா இருந்தால் அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.