பட்டியலில் பழம், பையில் பிஸ்கட்

கேள்வி: இனிப்பும் நொறுக்குத் தீனியும் உடம்புக்கு ஆகாது என்று நன்றாகத் தெரியும். இனி வாங்கக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டுத்தான் கடைக்குப் போகிறேன். திரும்பும்போது பையில் அதுதான் இருக்கிறது. எனக்கு மன உறுதி போதவில்லையா?

பதில்: உங்களையே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். நினைப்பது ஒன்று, வாங்குவது ஒன்று என்பது பலருக்கும் நடப்பதுதான். இதை உளவியலாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். எண்ணத்துக்கும் செயலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய ஆய்வுகளைப் பாஸ்கல் ஷீரன் 2002இல் தொகுத்தார். ஆளுக்கு ஆள் நடத்தை வேறுபடுவதில் சுமார் 28 சதவீதத்தைத்தான் எண்ணத்தைக் கொண்டு விளக்க முடிந்தது. மீதியில் பழக்கம், பசி, கண்ணில் படுவது எல்லாம் அடங்கும்.

பசியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 1998இல் டேனியல் ரீடும் பார்பரா வான் லூவனும் ஆம்ஸ்டர்டாமில் அலுவலக ஊழியர்களிடம், அடுத்த வாரத்துக்கான சிற்றுண்டியை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பழம் கேட்டவர்களில் பலர், கையில் வாங்கும் நேரம் வந்ததும் சாக்லேட் போன்றவற்றுக்கு மாறிவிட்டார்கள். முடிவெடுக்கும்போது இருக்கும் நாமும், சாப்பிடும்போது இருக்கும் நாமும் ஒரே ஆள் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பசி நேரத்தில் எடுக்கும் முடிவு இன்னும் எளிதாகத் தீனிப் பக்கம் சாயும். அதனால் வயிறு நிறைந்திருக்கும்போது பட்டியல் எழுதுங்கள், சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.

அப்புறம், 'வாங்க மாட்டேன்' என்று பொதுவாகச் சொல்லிக்கொள்வதை விடுங்கள். 'கடைக்குள் நுழைந்ததும் முதலில் பழம் இருக்கும் பக்கம் போவேன்' என்று இடத்தோடும் நேரத்தோடும் சேர்த்து முடிவு செய்யுங்கள். பீட்டர் கோல்விட்சர் இப்படிப்பட்ட திட்டங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவரும் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பலன் கணிசமாகவே இருந்தது. ஆனால் உணவு விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கெட்டதைக் குறைப்பதைவிட நல்லதைக் கூட்டுவதற்கே இந்த முறை அதிகம் உதவுகிறது. ஆகவே பிஸ்கட்டோடு மல்லுக்கட்டாமல், பழத்தைச் சேர்ப்பதில் தொடங்குங்கள்.

கேள்வி: நான் மாறினாலும் வீட்டில் மற்றவர்கள் அதையே கேட்கிறார்களே?

பதில்: ஐசெக் ஐசன் 1991இல் விரிவாக எழுதிய திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டில் இதற்கும் இடம் உண்டு. ஒரு செயலைப் பற்றிய நம் மனப்பான்மை, நமக்கு வேண்டியவர்கள் நம்மிடம் எதிர்பார்ப்பது, நம்மால் முடியும் என்ற நம்பிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்துதான் எண்ணம் உருவாகிறது. உங்களுக்கு முதலாவது சரியாகவே இருக்கிறது. இரண்டாவதுதான் எதிர்த்திசையில் இழுக்கிறது. அதை உங்கள் உறுதியால் மட்டும் சமாளிப்பது கடினம். பட்டியல் எழுதும்போதே வீட்டாரையும் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு பழத்தை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.