குலுக்காத படகு வேறு, நனைக்காத படகு வேறு

கேள்வி: எங்கள் 16 அடி ஃபைபர் படகு சின்ன அலையில்கூடத் தூக்கித் தூக்கி அடிக்கிறது. பக்கக் காற்று வந்துவிட்டால் உட்கார்ந்திருப்பவர்கள் தொப்பலாக நனைந்துவிடுகிறோம். அடிப்பகுதி ஆழமான வி வடிவத்தில் உள்ள படகுக்கு மாறினால் இரண்டும் தீருமா?

பதில்: அடி வாங்குவது குறையும். நனைவது குறையும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் இரண்டுக்கும் காரணம் வேறு.

படகின் பின்னால் நின்று, எஞ்சின் மாட்டும் பலகைக்குக் கீழே பாருங்கள். நடுக்கோட்டிலிருந்து ஓரம் வரை அடிப்பகுதி எவ்வளவு சாய்வாக ஏறுகிறது? ஏறக்குறைய தட்டையாக இருந்தால் அலையிலிருந்து இறங்கும்போது அகலமான பரப்பு முழுவதும் ஒரே நொடியில் தண்ணீரில் அறைகிறது. 20 டிகிரிக்கு மேல் சாய்வு இருந்தால் நடுக்கோடு முதலில் இறங்கி, மற்ற பகுதி கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்வதால் அதிர்ச்சி முதுகெலும்பு வரை வராது. 1960 மயாமி–நாசாவ் விசைப்படகுப் பந்தயத்தில் கொந்தளித்த கடலில் ரே ஹன்ட் வடிவமைத்த 'மாப்பி' என்ற படகு ஜெயித்ததும் இந்த ஆழமான வி அடிப்பகுதியை வைத்துத்தான். ஆனால் அதே வேகத்துக்கு எஞ்சின் சக்தி கூடுதலாக வேண்டும், நின்ற இடத்தில் ஆட்டமும் அதிகம்.

சரி, நனைவதற்கு வருவோம். அந்தச் சாய்வில் தண்ணீர் வழுக்கிக்கொண்டு மேலே ஏறும், தடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் நேராக உங்கள் மடிக்குத்தான். அடியும் பக்கமும் சேரும் விளிம்பு தட்டையாகவோ கீழ்நோக்கி வளைந்தோ இருக்க வேண்டும், முன்பக்கம் மேலே போகப் போக வெளியே விரிய வேண்டும். வாங்கும்போது நான் முதலில் தடவிப் பார்ப்பது அந்த விளிம்பைத்தான்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. பக்கக் காற்றில் வி அடிப் படகு காற்று வரும் பக்கமே சாய்ந்து ஓடும். அந்தப் பக்கம் தாழ்ந்ததும் சாய்வான அடி தட்டை போலாகி அலையில் மோதும், சிதறும் தண்ணீரைக் காற்று உள்ளே தள்ளும். ஆட்களை எதிர்ப்பக்கம் உட்காரவைத்தாலே பாதி குறையும்.

புதுப் படகுக்குச் செலவழிக்கும் முன் எஞ்சினின் கீழ்முனை படகை நோக்கி வரும்படி சாய்த்து ஓட்டிப் பாருங்கள். முன்பக்கம் தாழ்ந்து, அங்கிருக்கும் கூரான பகுதி அலையை வெட்டும், குலுக்கல் குறையும். அப்போது தண்ணீர் இன்னும் முன்னாலிருந்தே தெறிப்பதால் கொஞ்சம் அதிகமாகவே நனைவீர்கள். பின்னாலிருந்து அலை தள்ளும்போது மட்டும் இப்படிச் செய்யவே செய்யாதீர்கள், முன்முனை தண்ணீரில் குத்திப் படகு சட்டென்று திரும்பிவிடும்.

அப்புறமும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், காற்றுள்ள நாளில் ஓட்டிக் காட்டச் சொல்லி, காற்று வரும் பக்கத்து இருக்கையில் நீங்கள் உட்காருங்கள்.