வேலைமேசைக்குப் பழைய கூரை மரமே போதும்

வீட்டுப் பின்பக்கத்தில் சின்னத் தச்சுப் பட்டறை போடுகிறேன், வேலைமேசைக்கு மரக்காலையில் புது மரம் வாங்குவதா, இடித்த வீட்டு மரம் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய மரத்தையே வாங்குங்கள். என் மேசையும் உளி, வாள் வைக்கிற தட்டும் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் அம்மம்மாவின் வீட்டுக் கூரையை இறக்கியபோது வந்த மரத்தில் செய்தவை.

புது மரத்தில் ஈரம்தான் பிரச்சினை. அறுத்த கையோடு மேசை அடித்தால், சோளகம் என்கிற காய்ந்த தென்மேல் காற்று வீசுகிற மாதங்களில் பலகை சுருங்கி முனை வெடிக்கும். பல வருடம் ஓட்டுக்குக் கீழே காய்ந்த மரம் அந்தளவுக்கு அசையாது.

கூரையில் கிடைப்பது பெரும்பாலும் பனைதான். பனையை மற்ற மரம் மாதிரி நினைக்கக்கூடாது. வேம்பிலும் முதிரையிலும் வயிரம், அதாவது கெட்டியான பகுதி, நடுவில் இருக்கும். பனையில் வயிரம் வெளிப்புறத்தில், உள்ளே போகப் போக மெத்தென்ற சோற்றி. சலாகையின், அதாவது நீளமாகப் பிளந்த பனந்துண்டின், வெட்டுமுகத்தைப் பாருங்கள்: கறுப்பு நார்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ, அவ்வளவு பலம். நான் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு சலாகைகளைச் சோற்றிப் பக்கம் உள்ளே வரும்படி சேர்த்து, துளை போட்டு, போல்ட் பூட்டினேன். நேரே ஆணி அடித்தால் நார் வழியே பிளந்துவிடும். ஒரு சலாகையில் உளியால் வெட்டிய மூன்று கோடுகள் இருந்தன. கூரை பூட்டும்போது எது எந்த இடத்துக்கு என்று அந்தக் காலத்து ஆசாரியார் போட்ட அடையாளம். அதை மட்டும் சீவாமல் விட்டேன்.

மேற்பலகைக்குப் பனை வேண்டாம். சீவுளி போட்டால் நார் கிளம்பும், சிராம்பு கையில் ஆழமாக ஏறும். பழைய கதவு, யன்னல் நிலைகளில் வருகிற வேம்போ முதிரையோ பாருங்கள். என்னுடையது 2 அங்குல வேப்பம் பலகை. வேம்பின் நார் முறுக்கி ஓடுவதால் அலகை நன்றாகத் தீட்டி, மெல்லிசாகச் சீவ வேண்டும். முதிரை அருமையான மரம், ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியையும் தடிப்பையும் கொண்டுவரும், அதனால் முகமூடியும் நீளக் கையும் போடுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். காய்ந்தபடி உரசாமல் நனைத்துச் சுரண்டுங்கள்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து கவனியுங்கள். எங்கள் ஊர் மரத்தில் ஆணி மட்டும் இல்லை. சண்டைக் காலத்தில் வளவில் நின்ற வேம்பு, பூவரசு, பங்கருக்கு அடுக்கிய பனங்குற்றி எதிலும் துப்பாக்கிச் சன்னமோ செல் துண்டோ இருக்கலாம். வளர்கிற வேம்பு காயத்தை மூடிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு வேப்பங்குற்றியை அறுக்கும்போது என் வட்டவாளின் பல் தெறித்துக் காதோரம் போனது. அன்றைக்கு நான் கண்ணாடி போட்டிருக்கவில்லை, நினைத்தால் இப்போதும் நடுங்குகிறது. அதற்குப் பிறகு பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தால் முழுப் பலகையையும் தடவாமல் வாளை எடுப்பதில்லை. ஆழத்தில் இருப்பது காந்தத்துக்குப் பிடிபடாது. ஆனால் இரும்பு கறல்பிடித்தால் பக்கத்து மரத்தில் நீலமும் கறுப்புமாய்க் கறை இறங்கும். அப்படிக் கறை கண்டால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள்.

வாங்கும் முன் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொத்துச் சத்தம் வந்தால் உள்ளே கறையான் தின்றிருக்கிறது. விலை குறைவு என்று வாங்காதீர்கள், அது மற்றத் தடிக்கும் பரவும். கால்களை மண்ணில் ஊன்றாமல் சீமெந்துக் கட்டையில் நிறுத்துங்கள். பழைய எஞ்சின் ஒயில் பூசினால் காலின் அடியோடு நிறுத்துங்கள், மேலே பூசினால் செய்கிற சாமானெல்லாம் கறையாகும்.

பழைய பனை போதாமல் வளவில் நிற்கிற மரத்தைத் தறிக்க நினைத்தால், முதலில் பிரதேச செயலகத்தில் அனுமதி கேளுங்கள். பெண் பனையையும் பலாவையும் அனுமதி இல்லாமல் தறிக்கச் சட்டம் விடாது.

உயரத்துக்கு யாருடைய அளவையும் பார்க்க வேண்டாம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள். சீவுளி வேலை அதிகமென்றால் மணிக்கட்டு மடிகிற இடம்தான் உங்கள் மேசை மட்டம். எனக்கு அது 33 அங்குலம்.