தொங்கு நாற்காலிக்கு எக்ஸ்டென்ஷன் ஸ்பிரிங் போதுமா, டிராபார் ஸ்பிரிங்தான் வேண்டுமா?

ஆள் உட்காரப்போகிற நாற்காலி என்றால் டிராபார் ஸ்பிரிங்தான். எக்ஸ்டென்ஷன் ஸ்பிரிங் என்பது இழுத்தால் சுருள்கள் விலகி நீளும் வகை, டிராபார் என்பது இழுத்தால் சுருள்கள் அமுங்கும் வகை. யோசிக்கவே வேண்டாம். நீங்கள் அநேகமாக எக்ஸ்டென்ஷன் ஸ்பிரிங்கை ஏற்கெனவே வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நானும் அப்படித்தான் இருந்தேன். கேட்க எனக்கு ஆள் இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுத் தொங்கு நாற்காலியில் முதலில் இருந்தது சாதாரண எக்ஸ்டென்ஷன் ஸ்பிரிங். சுமை இல்லாதபோது இதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்க வேண்டும். கொஞ்ச நாளில் யாரும் உட்காராதபோதே சுருள்களுக்கு நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அப்படித் தெரிந்தால் ஸ்பிரிங் அளவுக்கு மீறி இழுபட்டுவிட்டது, இனி பழைய நீளத்துக்குத் திரும்பாது என்று அர்த்தம். அதைக் கழற்றிவிட்டு, தடிமனான கம்பியில் சுற்றிய வேறொன்றை மாட்டினேன். நாற்காலி அசைந்துகூடக் கொடுக்கவில்லை, நல்ல பலம் என்று நானே மெச்சிக்கொண்டேன்.

ஐந்தாவது மாதம் அம்மா அதில் உட்கார்ந்திருந்தபோது ஸ்பிரிங்கின் மேல் கொக்கி முறிந்தது. முழங்கால் உயரம்தான், ஆனாலும் இடுப்பில் அடி. எலும்பு முறியவில்லை, ஆனால் ஆறு வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். "உன்மேல தப்பு இல்லப்பா, கம்பிதான அறுந்துது" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் முறிந்த துண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன்.

முறிந்த முகத்தில் ஒரு ஓரம் பிறை போலத் துருப்பிடித்துப் பழுப்பாக இருந்தது, மீதி பளிச்சென்று சாம்பல் நிறம். அந்தப் பழுப்புப் பகுதி அன்றைக்கு உடைந்ததில்லை. பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெடித்து வந்து, மிச்சமிருந்த உலோகம் தாங்காமல் அன்று அறுந்திருக்கிறது. வெடிப்பு தொடங்கிய இடம், சுருளிலிருந்து கம்பி கொக்கியாக மேலே மடியும் அந்த வளைவு. அங்கே கருவி பதிந்த சின்ன வடு, நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு.

எக்ஸ்டென்ஷன் ஸ்பிரிங்கில் எல்லாரும் சுருள் பகுதியைத்தான் பார்க்கிறோம், ஆனால் பெரும்பாலும் உடைந்துபோவது கொக்கிதான். சுருள் பகுதியில் கம்பிக்கு முறுக்குதான் முக்கியச் சுமை. கொக்கியின் உச்சியில் வளைவும் இழுவையும் சேர்ந்து வருகின்றன, அடியில் மடிப்பு எவ்வளவு கூர்மையோ அவ்வளவுக்கு அழுத்தம் அந்த ஒரே இடத்தில் குவிகிறது. மடிப்பின் ஆரம் கம்பியின் தடிமனைப்போல் இரண்டு மடங்காவது இருப்பது நல்லது. என்னுடையதில் கம்பியின் தடிமன் அளவுகூட இல்லை. தடிமன் கூடினால் பலம் கூடும் என்பது சுருளுக்குச் சரி, மோசமாக மடித்த கொக்கியை அது காப்பாற்றாது.

தடிமன் கூடினால் விறைப்பும் (1 மி.மீ. நீட்டவோ அமுக்கவோ வேண்டிய விசை) கூடும், அது எவ்வளவு என்று பலருக்குத் தெரிவதில்லை. விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் மடிக்கு ஏற்ப ஏறும், சராசரிச் சுருள் விட்டத்தின் மூன்றாம் மடிக்கு ஏற்ப இறங்கும். வெளிவிட்டம் 21 மி.மீ., 30 சுற்று, கம்பி 3 மி.மீ. என்றால், மியூசிக் வயர் என்கிற உயர்கார்பன் எஃகில் 1 மி.மீ. நீட்ட சுமார் 4.6 நியூட்டன் விசை வேண்டும். கம்பியை மட்டும் 3.5 ஆக்கினால் அது 9.3 ஆகிறது. அரை மி.மீ. வித்தியாசத்தில் இரண்டு மடங்கு! அதனால்தான் வெர்னியர் என்கிற நுண்ணளவுக் கருவி வைத்து அளக்கச் சொல்கிறேன், ஸ்கேல் வைத்து அல்ல. இதோடு இனிஷியல் டென்ஷன் ஒன்று உண்டு. சுருள்களை இறுக்கி ஒட்டிச் சுற்றும்போதே உள்ளே அடைபடும் விசை. அதைத் தாண்டும்வரை ஸ்பிரிங் திறக்கவே திறக்காது. அம்மாவின் எடைக்கு என் ஸ்பிரிங் ஏறக்குறைய இரும்புக் கம்பி போலத்தான் தொங்கியிருக்கிறது, உட்காரும்போது வரும் அதிர்வெல்லாம் நேராகக் கொக்கிக்கே போயிருக்கிறது.

டிராபார் ஸ்பிரிங் இழுக்கத்தான் பயன்படுகிறது, ஆனால் உள்ளே இருப்பது அமுக்கினால் எதிர்க்கும் கம்ப்ரஷன் ஸ்பிரிங். எதிரெதிர் முனைகளிலிருந்து இரண்டு நீளமான 'ப' வடிவக் கம்பிகள் உள்ளே நுழைந்து, ஒவ்வொன்றும் மறுமுனைச் சுருளைப் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் இழுத்தால் ஸ்பிரிங் அமுங்கும். சுமை மீறினால் சுருள்கள் ஒட்டி அங்கேயே நின்றுவிடும். சுருளே உடைந்தாலும் துண்டுகள் அந்தக் கம்பிகளுக்கு நடுவில் சிக்கி நிற்கும், நாற்காலி கொஞ்சம் இறங்கும், ஆள் விழமாட்டார்.

டிராம்போலினில் இருப்பது எக்ஸ்டென்ஷன் ஸ்பிரிங்தானே என்று யாராவது கருத்தில் வந்து கேட்பீர்கள். ஆமாம், அதில் பல டஜன் ஸ்பிரிங்குகள் இருக்கின்றன, ஒன்று போனால் மற்றவை தாங்கும். மேலே ஏறித் திறக்கும் கேரேஜ் கதவிலும் அதே ஸ்பிரிங் உண்டு, அதன் நடுவே பாதுகாப்புக் கேபிள் ஓடவேண்டும் என்று சொல்வது இதே காரணத்துக்குத்தான். எக்ஸ்டென்ஷன் ஸ்பிரிங் மட்டம் என்று நான் சொல்லவில்லை. ஒரு நெம்புகோலைத் திரும்ப இழுக்க, பெல்ட்டை இறுக்கி வைக்க அதுதான் சுலபம். ஒற்றை ஸ்பிரிங்கில் ஒரு மனிதரைத் தொங்கவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். ஆள் 60 கிலோ, நாற்காலி 20 கிலோ என்று வையுங்கள். மெதுவாக உட்கார்ந்தால் 80. சட்டென்று முழு எடையையும் விட்டால் ஆளின் பங்கு ஒரு கணம் இரண்டு மடங்காகும், ஆக 140. பொத்தென்று விழுந்து உட்கார்ந்தால் இன்னும் கூட. 100 மி.மீ. அமுங்க இடமுள்ள, 1 மி.மீ.க்கு 1.7 கிலோ கேட்கிற டிராபார் ஸ்பிரிங் என்றால் 80 கிலோவுக்கு 47 மி.மீ. இறங்கும், 140க்கு 82. மிச்சம் 18 மி.மீ. கையிருப்பு. இதைவிட ரொம்பக் குறைந்த விறைப்புள்ளதை வாங்கினால் உட்கார்ந்தவுடன் சுருள்கள் ஒட்டி, அதன்பிறகு அது ஸ்பிரிங்கே இல்லை.

இந்த விறைப்பு எண்ணைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு இருக்கிறதே! நாற்காலியோடு வந்த கையேட்டில் ஆறு பக்கம் 'செய்யாதீர்கள், செய்யாதீர்கள்' என்றே இருந்தது, ஒரு அளவு கிடையாது. வாஷிங் மெஷின், மின்விசிறி எல்லாவற்றின் கையேடும் இப்போது இப்படித்தான். பழுது பார்க்கிறவனுக்கு ஒரு படம், நான்கு எண் போட்டால் என்ன குறைந்துவிடும்? பெட்டியில் '150 கிலோ தாங்கும்' என்று மட்டும் போட்டிருந்தால் நம்பாதீர்கள், அசையாத சுமையா, குதிக்கும் சுமையா என்று கேளுங்கள்.

டிராபாரும் அதைத் தொங்கவிடும் கூரைக் கொக்கியைக் காப்பாற்றாது, அதனால் தனியாக ஒரு சங்கிலியைத் தளர்வாகச் சேர்த்து மாட்டுங்கள். 'ப' கம்பி சுருளைத் தொடும் இடம் தேயும், நான் மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.

உங்கள் நாற்காலியின் எடை, உட்காருகிறவர்களில் அதிக எடை, கையில் இருக்கும் ஸ்பிரிங்கின் கம்பித் தடிமன், வெளிவிட்டம், சுற்றுகள் எத்தனை என்று கீழே எழுதுங்கள். போட்டுப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அதில் யாரையும் உட்கார விடாதீர்கள்.