எதைத் தள்ளினீர்கள்?

கேள்வி: சமீபத்தில் பழைய படங்களில் ‘அந்த நாள்’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’, ‘வீடு’, புதியவற்றில் ‘மகாராஜா’, ‘மெய்யழகன்’, ‘கொட்டுக்காளி’ ஆகியவற்றைப் பார்த்தேன். ‘மகாராஜா’ ஒன்றுதான் விறுவிறுப்பு. பழைய படங்கள் மூன்றும் ஆமை வேகம். பாட்டுகளைத் தள்ளிவிட்டு, ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டித்தான் முடித்தேன். ‘மெய்யழகன்’ பேசிக்கொண்டே இருக்கிறது. ‘கொட்டுக்காளி’யில் இசையும் இல்லை, முடிவும் இல்லை. அடுத்து ‘உதிரிப்பூக்கள்’ பார்க்கலாம் என்றிருக்கிறேன். பழைய படம் என்றாலே நீங்கள் ஏன் இப்படி உருகுகிறீர்கள்? (வாசகர், கரூர்)

பதில்: உருகுவது இருக்கட்டும். நீங்கள் பார்த்த பழைய படங்கள் மூன்றில் இரண்டில் பாட்டே கிடையாது. ‘அந்த நாள்’ படத்திலும் இல்லை, ‘வீடு’ படத்திலும் இல்லை. பிறகு எதைத் தள்ளினீர்கள்?

மிச்சமிருப்பது ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’. 1962-இல் ஸ்ரீதர் ஒரே மருத்துவமனை செட்டில், ஒரு மாதத்துக்குள் எடுத்து முடித்த படம். அதில் பாட்டைத் தள்ளியதுதான் நீங்கள் செய்த பெரிய அநியாயம். நோயாளிக் கணவன் முத்துராமன், “நான் போய்விட்டால் நீ டாக்டரையே மணந்துகொள்” என்கிற பொருளில் மனைவி தேவிகாவிடம் பேசுகிறார். அந்த டாக்டர் அவளுடைய பழைய காதலர். இதற்கு ஒரு பெண் என்ன பதில் சொல்ல முடியும்? வசனத்தில் கொட்டி முழக்க நிறைய இடமிருந்தும் ஸ்ரீதர் அதைச் செய்யவில்லை. ‘சொன்னது நீதானா’ என்று கண்ணதாசனிடம் விட்டுவிட்டார். அவள் பதில் அந்தப் பாட்டில்தான் இருக்கிறது. வின்சென்ட்டின் கேமரா அந்தச் சிறிய அறைக்குள் கட்டிலையும் அவர்கள் இருவரையும் விட்டு விலகாமல் சுற்றுகிறது. கணவன் கேட்ட கேள்வியைப் பார்த்தீர்கள், மனைவியின் பதிலைத் தள்ளிவிட்டீர்கள், பிறகு படத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்கிறீர்கள்.

‘அந்த நாள்’ ஆமை வேகமா? ‘பராசக்தி’ வந்து இரண்டே வருடத்தில், வசனத்துக்காகவே கூட்டம் சேர்க்கிற சிவாஜி கணேசனை முதல் காட்சியிலேயே சுட்டுச் சாகடித்துவிட்டுக் கதையைத் தொடங்குகிறது இந்தப் படம். வருடம் 1954. இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர், தயாரிப்பு ஏவி.எம். ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய 1943 அக்டோபரில் கதை நடக்கிறது. மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், இன்னொரு பெண் என ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஜாவர் சீதாராமன் துப்பறியும் அதிகாரியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறார். திரைக்கதையும் அவருடையதே. ஒவ்வொருவர் சொல்லும்போதும் இறந்தவன் வேறொரு மனிதனாகத் தெரிகிறான். ஆனால் பார்ப்பவனை ஏமாற்றுவதற்காக எதையும் ஒளித்துவைக்கவில்லை, சொல்கிறவர்களின் பார்வைதான் மாறுகிறது. யார் சுட்டது என்பதை இங்கே எழுதமாட்டேன். ஒன்றரை மடங்கு வேகத்தில் உங்களுக்கே அது பிடிபட்டதோ இல்லையோ.

இதைச் சொல்வது ‘மகாராஜா’வை மட்டம் தட்டுவதற்காக அல்ல. நித்திலன் சாமிநாதன் கெட்டிக்காரர். காணாமல்போன குப்பைத் தொட்டிக்காகக் காவல் நிலையத்துக்கு நடையாய் நடக்கும் விஜய் சேதுபதியை வைத்து முதலில் சிரிக்கவைத்து, அந்தச் சிரிப்பைப் பின்னால் நம் தொண்டையிலேயே சிக்கவைக்கிறார். காலத்தை முன்பின்னாக அடுக்கியதிலும் பிசிறு இல்லை. என் மனக்குறை வேறு. ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையைக் கடைசி அதிர்ச்சிக்காக மடித்துவைத்து எடுத்து வீசும்போது, அவளைவிட அந்தத் திருப்பமே பெரிதாகிவிடுகிறது. விறுவிறுப்பு என்று நீங்கள் சொல்வதற்குள் இதுவும் அடக்கம். யோசித்துப் பாருங்கள்.

பழசு என்றாலே கும்பிடு போடும் ஆளில்லை நான். கதையோடு ஒட்டாத நகைச்சுவைத் தனிக்கச்சேரி, கடைசி ரீலில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திவைத்து நடக்கும் உபதேசம், சாகும் தறுவாயிலும் மூச்சுவிடாமல் பேசும் தாய் எல்லாம் பழைய படங்களில் மலிந்து கிடக்கின்றன. அவற்றைத் தாராளமாக ஓட்டிவிடுங்கள், உங்கள் பக்கம் நான் நிற்கிறேன். நீங்கள் ஓட்டியதோ ‘வீடு’!

பாலு மகேந்திராவின் 1988 படம் அது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுகிறார்கள். சம்பளக்காரப் பெண் ஒருத்தி கடனை உடனை வாங்கி மனையில் சொந்த வீடு எழுப்பப் பார்க்கிறாள். அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்ததெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் பார்க்கச் சொல்வது சொக்கலிங்க பாகவதரை. பழைய நாடக மேடைக்காரர், தாத்தாவாக வருகிறார். பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தனியாக வந்து, பூசாத சுவர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி அறை அறையாக நடக்கிறார். வசனம் இல்லை, இளையராஜாவின் இசை மட்டும். அந்த வயதில் அந்த முழங்காலுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காட்சி நீள்கிறது. ஒன்றரை மடங்கில் ஓட்டினால் தாத்தா ஓட்டப் பந்தயம் அல்லவா ஓடுவார்! நீங்கள் பார்த்தது அதைத்தான்.

‘மெய்யழகன்’ விஷயத்தில் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். படம் வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். ஜல்லிக்கட்டுப் பேச்சு போனதில் எனக்கு வருத்தம் இல்லை, கார்த்தி அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஆனால் ஊரைவிட்டுப் போகும்போது அருள்மொழி (அர்விந்த் சுவாமி) விட்டுச்சென்ற பழைய சைக்கிள் இன்னொரு குடும்பத்துக்கு என்னவெல்லாம் ஆனது என்பதைச் சொல்லும் பேச்சை எந்தக் கத்தரிக்கோல் தொடலாம்? எதிரே இருந்து பேசும் கார்த்தியின் பெயர்கூடத் தெரியாமல் அர்விந்த் சுவாமி அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் முகமும் அங்கே இருக்கிறது. இயக்குநர் பிரேம்குமாருக்குப் பேச்சுதான் சம்பவம்.

‘கொட்டுக்காளி’யில் இசை இல்லைதான், வினோத்ராஜ் பின்னணி இசையே வைக்கவில்லை. ஷேர் ஆட்டோவின் இரைச்சல், கட்டிவைத்த சேவலின் சிறகடிப்பு, தொண்டை கட்டிப்போன சூரியின் குரல் எல்லாம் காதில் விழுகின்றன. அன்னா பென்னின் மௌனமும் அதனால்தான் கேட்கிறது. வழிமறித்து நிற்கும் காளையிடம் வீராப்பான ஆண்கள் எல்லோரும் தயங்கி நிற்க, ஒரு சிறுமி வந்து சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். வயலின் வைத்துக் கெடுக்க வேண்டிய இடமா அது? முடிவு இல்லை என்பதும் சரியல்ல. சூரி நடித்த பாண்டி கடைசியில் பார்த்ததை நீங்களும் பார்த்தீர்கள். அதற்குமேல் அவன் என்ன செய்யவேண்டும் என்பதை இயக்குநர் உங்களிடம் விட்டிருக்கிறார். நீங்கள் ரிமோட்டை எடுத்திருக்கிறீர்கள்.

‘உதிரிப்பூக்கள்’ பாருங்கள். மகேந்திரன், 1979, புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து கிளைத்த கதை. சாதாரண வேகத்தில், கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு. பார்த்து முடித்ததும் எனக்கு எழுதுங்கள். விறுவிறுப்பாக இருந்ததா என்பதை அல்ல, ஆற்றில் இறங்கும் முன் சுந்தரவடிவேலு ஊராரிடம் என்ன சொல்கிறான் என்பதை.