பஸ்ஸா, பைக்கா, சைக்கிளா: யாருக்குப் புகை அதிகம்?

காற்று மாசு அளக்கும் கருவியோடு பல வருடம் மதுரை ரோடுகளில் நின்றவன் நான். கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

திருநகரிலிருந்து கோரிப்பாளையம் வரை தினமும் ஸ்கூட்டரில் போகிறேன். துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டால் போதுமா சார்?

போதாதும்மா. துப்பட்டா மண் தூசியைத் தடுக்கும். நுரையீரலின் அடிவரை போவது 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள். தலைமுடித் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. நெய்த துணி அதைப் பெரும்பாலும் நிறுத்தாது. மூக்கோரம் இடைவெளி விடாமல் பொருந்தும் என்95 மாஸ்க் நிறுத்தும். ஆனால் கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்களுக்கு அதுவும் தடையில்லை.

மாஸ்க்கைவிட, சிக்னலில் எங்கே நிற்கிறீர்கள் என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். லாரி கிளம்பும் நொடியில் கருவியில் எண் எகிறும். பக்கத்துச் சந்துக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் இறங்கிவிடும். பஸ், லாரியின் புகைக்குழாய்க்கு நேர் பின்னால் வண்டியை நிறுத்தாதீர்கள்.

காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டால் பாதுகாப்புதானே?

ஏசியில் உள்காற்றே சுற்றும்படி வைத்தால் துகள் நன்றாகக் குறையும். வெளிக்காற்றை இழுக்கும்படி வைத்தால் முன்னால் போகிற வண்டியின் புகைதான் உள்ளே வரும். வெகுநேரம் மூடியே வைத்தால் கரியமில வாயு ஏறித் தூக்கம் தள்ளும். நெரிசல் தாண்டியதும் திறந்துவிடுங்கள்.

மாட்டுத்தாவணியிலிருந்து பெரியார் வர, ஷேர் ஆட்டோவா டவுன் பஸ்ஸா?

பஸ். ஷேர் ஆட்டோவில் இரண்டு பக்கமும் திறப்பு. முகமும் புகைக்குழாய்களுக்குக் கிட்டத்தில் இருக்கும்.

செல்லூர்க்காரன், வயது 52. தெற்கு மாசி வீதிக் கடைக்கு சைக்கிளில் போக இருபது நிமிடம், வர இருபது. புகையில் மிதிக்க வேண்டாம் என்கிறான் மகன்.

மகனின் கவலை நியாயமானது. மிதிக்கும்போது, உட்கார்ந்திருப்பவரைவிட இரண்டு மூன்று மடங்கு காற்றை இழுக்கிறீர்கள். ஆனாலும் விடாதீர்கள் ஐயா. 2016இல் வந்த ஓர் ஆய்வு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தது: கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் நுண்துகள் உள்ள ஊரிலும், தினம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் மிதித்தால்தான் கெடுதல் நன்மையை மிஞ்சும். ஆண்டுச் சராசரிக்கு நம் நாட்டு வரம்பு 40, உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5. அந்த 100 எவ்வளவு மோசம் என்று பாருங்கள். உங்களுக்கு நாற்பதே நிமிடம்.

பாலம் வரை பெரிய ரோட்டைத் தவிர்க்க முடியாது. சிம்மக்கல் தாண்டியதும் சந்துகளில் புகுந்துவிடுங்கள். ஐந்து நிமிடம் கூடினாலும் பரவாயில்லை. மார்கழிக் காலையில் புகை பனியோடு தரையிலேயே தங்கும். அந்த மாதங்களில் வெயில் ஏறியபின் கிளம்புங்கள். இளைப்பு, இதய நோய் இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று வயதுப் பிள்ளையை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துப் பள்ளிக்குக் கூட்டிப் போகிறேன்...

வேண்டாம்மா. விபத்துப் பயம் ஒருபுறம். எடைக்கு எடை பார்த்தால் பிள்ளைகள் நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள், அவர்கள் முகமும் புகைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. நடக்கிற தூரமென்றால் உள்தெரு வழியாக நடத்திக் கூட்டிப் போங்கள். மாலையில் பள்ளி வாசலில் காத்திருக்கும்போது இஞ்சினை அணைத்துவிடுங்கள், பக்கத்தில் நிற்பவரிடமும் சொல்லுங்கள். மணியடித்துப் பிள்ளைகள் ஓடி வருவது அந்தப் புகைக்குள்தான்.