ஒன்பது இன்ச் சுவரும் ஸ்வீட் ஹோம் 3டியும்

கேள்வி: அரை கிரவுண்ட் மனையில் (30×40) 24×33 அடிக்கு வீடு கட்டப்போகிறோம். ஸ்வீட் ஹோம் 3டி என்ற வீட்டு பிளான் வரையும் மென்பொருளில் நானே பிளான் வரைந்தேன். வரைந்து முடித்த பிறகு சுவர்களை எல்லாம் 9 இன்ச்சாக மாற்றினேன். 12 அடி அறை பதினொன்றரை அடியாகிவிட்டது. வீட்டின் வெளி அளவோ அரை அடி கூடிவிட்டது. மாடிப்படி மேல்தளத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அறைக்குள் படம் எடுத்தால் ஒரே இருட்டு. பிரிண்ட்டை மேஸ்திரியிடம் கொடுத்தால் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு எதுவுமே சேரவில்லை என்கிறார். எங்கே தப்பு?

பதில்: நீங்கள் சொன்ன குறைகளில் முதலாவதைச் சரிசெய்தால் பாதி வேலை முடிந்தது. இந்த மென்பொருள் பிரான்சில் பிறந்தது. புதிய கோப்பைத் திறந்தவுடன் அது தரும் சுவர் 7.5 செ.மீ. கனம், 250 செ.மீ. உயரம். அதாவது ஏறத்தாழ 3 இன்ச் கனத்தில், 8 அடி 2½ இன்ச் உயரத்தில் ஒரு சுவர். நம் ஊர்ச் செங்கல் சுவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சுவரின் நீளத்தை மென்பொருள் நடுக்கோட்டில் அளக்கிறது. மேஸ்திரிகள் சென்டர் லைன் என்பார்களே, அதே கோடுதான். 3 இன்ச் சுவரை 9 இன்ச்சாக்கினால் கூடும் 6 இன்ச்சும் நடுக்கோட்டின் இரு பக்கமும் 3, 3 ஆகப் பிரியும். அறைக்குள் ஒவ்வொரு சுவரும் 3 இன்ச் நகர்ந்து வரும். இரண்டு சுவருக்கு 6 இன்ச் போச்சு. வெளிப்பக்கமும் அதே கணக்கில் 6 இன்ச் வீங்கும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

இனி ஒவ்வொரு சுவராக இழுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஒன்றை நகர்த்தினால் அதோடு ஒட்டிய இன்னொன்று கோணும். 24×33 வீட்டைப் புதிதாக வரைவதுதான் சுலபம். ஃபைல் மெனுவில் ப்ரிஃபரன்ஸஸ் திறந்து, அளவு முறையை அடி-இன்ச்சாக மாற்றுங்கள். புதிய சுவரின் கனம் 9 இன்ச், உயரம் 10 அடி, தளத்தின் கனம் 5 இன்ச் என்று அங்கேயே கொடுத்துவிடுங்கள். எண்ணைத் தட்டும்போது அடிக்குறி, இன்ச் குறி இரண்டையும் விடாமல் போடுங்கள்.

வரைவதற்கு முன் ஒரு தாளில் சென்டர் லைன் கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். வெளி அகலம் 24 அடி. இரு புறமும் 9 இன்ச் சுவர் என்றால் நடுக்கோட்டுக்கு நடுக்கோடு 23 அடி 3 இன்ச். 33 அடி நீளம் 32 அடி 3 இன்ச் ஆகும். வெளிச்சுற்றை இந்த அளவில் வரைந்தால் வெளி விளிம்பு சரியாக 24×33 வரும்.

உள்ளே 12 அடி அறை, அதை அடுத்து நாலரை இன்ச் தடுப்புச் சுவர் என்று வைத்துக்கொள்வோம். இடது வெளிச்சுவரில் பாதி 4½ இன்ச், அறை 12 அடி, தடுப்பில் பாதி 2¼ இன்ச். மூன்றையும் கூட்டினால் 12 அடி 6¾ இன்ச். இடது நடுக்கோட்டிலிருந்து தடுப்புச் சுவரின் நடுக்கோடு அவ்வளவு தூரத்தில் விழவேண்டும். மிச்சம் 10 அடி 8¼ இன்ச். அதில் 2¼, 4½ இரண்டையும் கழித்தால் அடுத்த அறையின் உள் அளவு 10 அடி 1½ இன்ச். இந்தக் கணக்கு வீண்போகாது. அஸ்திவாரத்துக்கு நூல் பிடித்து மார்க்கிங் செய்யும்போதும் சென்டர் லைன்தான் கேட்பார்கள்.

சுவர் வரையும் கருவியில் முதல் புள்ளியைச் சொடுக்கி, எந்தத் திசை என்று மவுஸை நகர்த்திக் காட்டிவிட்டு, என்டர் தட்டுங்கள். நீளம், கோணம், கனம் மூன்றையும் எண்ணாகவே கொடுக்கலாம். கண்ணால் பார்த்து இழுத்து 12 அடி 6¾ இன்ச்சில் நிறுத்துவது நடக்காத காரியம். சுவர்க் கோடு தானாக 15 டிகிரி கோணங்களில் ஒட்டிக்கொள்ளும். மனை கொஞ்சம் கோணலாக இருந்தால் விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு வரையுங்கள், ஒட்டாது.

வரைந்ததும் அறை வரையும் கருவியை எடுத்து, அறைக்குள் இரட்டைச் சொடுக்குப் போட்டு அறையை உருவாக்கிப் பாருங்கள். அறை உருவாகவில்லை என்றால் எங்கோ ஒரு மூலையில் சுவர்கள் சேரவில்லை என்று அர்த்தம். நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால் இடைவெளி தெரியும். பரப்பளவு தானாக வரும், அதை உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். அளவுக் கோடுகளை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவை சுவரோடு கட்டப்பட்டவை அல்ல. சுவரை நகர்த்தினாலும் கோடு பழைய இடத்திலேயே பழைய எண்ணைக் காட்டிக்கொண்டு நிற்கும். பிளானில் 12 அடி என்று எழுதியிருக்கும், சுவரோ 11½-இல் நிற்கும்.

பூச்சு வேலையையும் மறக்கவேண்டாம். உள்பூச்சு 12 மி.மீ., அதாவது அரை இன்ச். எதிரெதிர் சுவர் இரண்டுக்கும் சேர்த்து ஒரு இன்ச் குறையும். செங்கலுக்குச் செங்கல் 12 அடி என்றால் குடியேறும்போது 11 அடி 11 இன்ச்தான். வெறும் அறைக்கு இது பெரிதில்லை. பீரோ, ஃபிரிட்ஜ், மாடுலர் கிச்சன் மாட்டும் மூலையில் அந்த ஒரு இன்ச்சே வினையாகும்.

இன்ஜினியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பின்னணியில் போட்டு அதன்மேல் வரைகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மென்பொருள் பிடிஎஃப் வாங்காது. பிஎன்ஜி அல்லது ஜேபெக் ஆக மாற்றித்தான் கொடுக்கவேண்டும். அளவு கேட்கும்போது படத்திலேயே நீளமான கோட்டைக் காட்டுங்கள். 3 அடிக் கதவைக் காட்டி அதில் ஒரு இன்ச் தவறினால், 33 அடிச் சுவரில் அது 11 இன்ச் பிழையாக வளர்ந்து நிற்கும். சாய்வாகப் பிடித்த போட்டோ வேண்டவே வேண்டாம். ஸ்கேன் செய்து வாங்குங்கள்.

கதவு, ஜன்னலைச் சுவர்மேல் விட்டால் அதுவாகவே திரும்பி, சுவரின் கனத்துக்குத் தன்னை மாற்றிக்கொள்ளும். பிற்பாடு சுவரின் கனத்தை மாற்றினால் கதவையும் ஒருமுறை இழுத்து மறுபடி சுவரில் விடுங்கள். லின்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் குறுக்குக் கட்டை) 7 அடியில் என்றால், 4 அடி ஜன்னலுக்கு எலிவேஷன், அதாவது தரையிலிருந்து உயரம், 3 அடி. கதவு தப்பான பக்கம் திறந்தால் மிரர்டு ஷேப் என்ற பெட்டியில் டிக் போட்டால் போதும்.

இப்போது மாடிப்படி. முட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் லெவலின் (மாடித் தளத்தின்) உயரம். லெவலுக்குக் கேட்கும் எலிவேஷன் என்பது அந்தத் தளத்தின் மேல்மட்டம். கீழே சுவர் 10 அடி, தளம் 5 இன்ச் என்றால் மேல் லெவல் 10 அடி 5 இன்ச்சில் இருக்கவேண்டும். 10 அடி என்று கொடுத்தால் தளம் கீழ்ச்சுவருக்குள் புதைந்துவிடும். மென்பொருளில் உள்ள படிக்கட்டைப் போட்டால் மேல்தளத்தில் துளை தானாக வெட்டப்படும். ஆனால் படியின் உயரம் மேல் லெவலை எட்டியிருந்தால்தான்; எட்டாவிட்டால் தளம் மூடியே இருக்கும், படி அதில் போய் முட்டும்.

அந்தப் படிக்கட்டின் உயரத்தை இழுத்து 10 அடி 5 இன்ச் ஆக்கிவிடலாம். படத்தில் பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் படிகளின் எண்ணிக்கை மாறாது, ஒவ்வொரு படியும் உயர்ந்துவிடும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த வித்தியாசம் முழங்காலில் தெரியும். எனவே உண்மையான படியைக் கணக்குப் போட்டு, மென்பொருளில் உள்ள பெட்டி வடிவப் பொருளை அடுக்கிக் கட்டுவதே என் சிபாரிசு.

10 அடி 5 இன்ச் என்பது 125 இன்ச். 20 ஏற்றமாக (ஏற்றம் என்பது ஒரு படியின் உயரம்) பிரித்தால் ஒவ்வொன்றும் 6¼ இன்ச். பத்து ஏற்றம் ஏறி, லேண்டிங்கில் திரும்பி, மறுபடி பத்து. மிதி, அதாவது கால் வைக்கும் இடம், 10 இன்ச் என்றால் ஒரு பக்கத்துக்கு 9 மிதி, 7 அடி 6 இன்ச். லேண்டிங் 3 அடி சேர்த்தால் 10 அடி 6 இன்ச். அகலம் 3 அடி, 3 அடி, நடுவில் அரை அடி இடைவெளி; ஆக 6 அடி 6 இன்ச். மேலே கணக்குப் போட்ட 10 அடி 1½ இன்ச் அறையின் குறுக்கே இந்தப் படி அடங்காது! வீட்டின் நீளவாக்கில் திருப்பித்தான் வைக்கவேண்டும். உங்கள் பிளானில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

மிசலேனியஸ் பிரிவில் உள்ள பெட்டியை எடுத்து 3 அடி அகலம், 10 இன்ச் ஆழம், 6¼ இன்ச் உயரம் கொடுங்கள். நகலெடுத்து எலிவேஷனை 0, 6¼, 12½ என்று ஏற்றிக்கொண்டே போங்கள். ஒன்பது பெட்டி முடிந்ததும் லேண்டிங் பெட்டியின் எலிவேஷன் 56¼ இன்ச். அதன் மேல்மட்டம் 62½-இல் வரும், சரியாகப் பாதி உயரம். இரண்டாவது பக்கம் 62½-இலிருந்து தொடங்கும். முடிந்ததும் எல்லாவற்றையும் குரூப் செய்துவிடுங்கள். பெட்டிப் படி தளத்தில் துளை போடாது. அதனால் மேல்தளத்தின் அறையை இரட்டைச் சொடுக்கால் உருவாக்காமல், படியிருக்கும் இடத்தை விட்டுவிட்டுப் புள்ளி புள்ளியாக வரையுங்கள்.

மொட்டை மாடிக்கும் இதே வழிதான். இன்னொரு லெவல் சேர்த்து, அறை ஒன்றை வரைந்தால் அதுவே கூரைத்தளம். சுற்றி 3 அடியில் நாலரை இன்ச் சுவர் போட்டால் கைப்பிடிச் சுவர். சன்ஷேடுக்கும் பெட்டியே போதும்.

படம் இருட்டாக வருவதற்குக் காரணம், விளக்குப் பொருட்கள் போட்டோ தரத்தின் நான்கு நிலைகளில் உயர்ந்த இரண்டில் மட்டுமே எரியும். கீழ்த் தரத்தில் எடுத்தால் பத்து விளக்கு தொங்கவிட்டாலும் வெளிச்சம் வராது. தரத்தை மூன்றாம் நிலைக்கு ஏற்றி, சீலிங் லைட்ஸ் சேர்க்கும் பெட்டியில் டிக் போடுங்கள். நான்காம் நிலை பழைய லேப்டாப்பில் வெகுநேரம் ஓடும். முதலில் சிறிய அளவில் எடுத்துப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப்போங்கள்.

இந்த மென்பொருளில் பலரும் தொடாமல் விடும் பகுதி காம்பஸ். பிளானில் இருக்கும் அந்த வட்டத்தை இரட்டைச் சொடுக்குச் செய்து வடக்குத் திசையையும் ஊரையும் கொடுங்கள். சென்னைக்கு அட்சரேகை 13.08, தீர்க்கரேகை 80.27. மதுரைக்கு 9.93, 78.12. பிறகு போட்டோ எடுக்கும் பெட்டியில் மே 15, மாலை 4 மணி என்று வைத்து மேற்கு ஜன்னல் உள்ள அறையைப் படமெடுங்கள். அந்த நேரத்தில் சென்னையில் சூரியன் அடிவானத்திலிருந்து 33 டிகிரி சுமாருக்குத்தான் மேலே இருக்கும். ஒன்றரை அடி சன்ஷேட் 4 அடி ஜன்னலின் மேல் ஒரு அடியைத்தான் மறைக்கும். மிச்சம் மூன்று அடி வெயிலும் கட்டிலின் மேல் விழுவது படத்திலேயே தெரியும். ஜன்னலை மாற்ற இப்போது செலவில்லை.

3டி காட்சி திடீரென்று தத்தளித்தால் இணையத்திலிருந்து இறக்கிய சோஃபாவையோ செடியையோ சந்தேகப்படுங்கள். பொருள் பட்டியலில் பாதிப் பொருட்களைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துப் பாருங்கள். வேகம் திரும்பினால் குற்றவாளி அந்தப் பாதியில் இருக்கிறது. அதையே மறுபடி பாதியாக்கித் தேடினால் நாலைந்து முயற்சியில் பிடிபடும். பிளானில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துருவை நிர்மலா யுஐ அல்லது லதாவுக்கு மாற்றுங்கள்.

கடைசியாக மேஸ்திரியின் ஸ்கேல். நீங்கள் எடுத்த பிரிண்ட் தாளுக்குத் தக்கபடி சுருக்கப்பட்டது, அதற்கு ஸ்கேலே கிடையாது. பேஜ் செட்டப்பில் பிளான் ஸ்கேலை 1/48 என்று கொடுங்கள். அப்போது தாளில் கால் இன்ச் என்றால் தரையில் ஒரு அடி. 30×40 மனை 7½×10 இன்ச் ஆகி, ஏ4 தாளில் நெடுக்குவாட்டில் அடங்கிவிடும். 3டி படத்தையும் பொருள் பட்டியலையும் அந்தப் பிரிண்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். பிடிஎஃப் ஆக்கிக் கடையில் பிரிண்ட் போட்டால், ஃபிட் டு பேஜ் வேண்டாம், ஆக்சுவல் சைஸ் என்று சொல்லிப் போடச்சொல்லுங்கள். கையில் வாங்கியதும் 24 அடிச் சுவரை அங்கேயே அளந்து பாருங்கள்: 6 இன்ச் வரவேண்டும்.

இன்ஜினியர் ஆட்டோகேடில் கேட்டால், பிளான் மெனுவில் எஸ்விஜி ஆக ஏற்றுமதி செய்து, இன்க்ஸ்கேப்பில் திறந்து டிஎக்ஸ்எஃப் ஆகச் சேமித்துக் கொடுக்கலாம். வழியில் அளவு மாறக்கூடும். 33 அடிச் சுவர் எது என்று அவருக்குக் காட்டிவிட்டால் அதை வைத்து அவரே ஸ்கேலைத் திருத்திக்கொள்வார். பில்லர், பீம், கம்பி விவரம் எதுவும் இந்தக் கோப்பில் இருக்காது. அதை அவர்தான் போடவேண்டும்.